சரிவில் வீடு: மலையை வெட்டாமல் கிளையன்ட்டைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

வரைபலகை:
நீலகிரியில் கோத்தகிரி பக்கம் தேயிலைச் சரிவில் ஒரு வீடு. ஜேசிபி விட்டுச் சமதளம் ஆக்கணும், முகப்பு முழுக்கக் கண்ணாடி வேணும் என்கிறார் கிளையன்ட். மலையை வெட்டக் கூடாது, கருங்கல்லில் கட்டணும் என்பது என் கட்சி. இணையத்தில் படம் பார்த்துப் பார்த்துப் புதுசா எதுவும் தோணவும் மாட்டேங்குது. கொள்கையும் வேலையும் ரெண்டும் தங்க என்ன வழி?

கருங்கல்:
படம் பார்ப்பதை விடுங்க. அரை மீட்டர் உயர இடைவெளியில் கான்டூர் சர்வே (சம உயரக் கோடுகளால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடம்) எடுத்து, மழைத்தண்ணி இறங்கும் பாதையை அதில் வரையுங்க. வீட்டுத் தளம் எங்கே பிரிந்து படிபோல இறங்கணும், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பது அதிலேயே தெரிஞ்சிடும்.

கொள்கையைக் கிளையன்ட்டிடம் பிரசங்கம் பண்ணாதீங்க, எஸ்டிமேட்டில் காட்டுங்க. ஒரே சமதளமாக வெட்டினால் மண்ணைத் தாங்க உயரமான சுவர் வேணும். 3 மீட்டர் உயரக் கருங்கல் தடுப்புச்சுவருக்கு அடியில் 1.5 மீட்டர், தலையில் அரை மீட்டர் அகலம் வரும். அஸ்திவாரம் தனி. ஒரு மீட்டர் நீளத்துக்கு 3 கனமீட்டர் கல். அதையே 1.5 மீட்டராக ரெண்டு அடுக்கு ஆக்கினால் மொத்தமே 2 கனமீட்டருக்குள் முடியும். ஆனா மேல்சுவர் குறைந்தது 3 மீட்டர் பின்தள்ளி இருக்கணும்; நெருங்கினால் அதன் பாரமும் கீழ்ச்சுவர் தலையில்தான்.

சுவர் சாய்வது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணியால். சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. ஜல்லி, தண்ணி வெளியேறச் சுவரில் 1.5 மீட்டருக்கு ஒரு 100 மி.மீ. குழாய். கலவை போடும்போது குழாய் வாயை அடைத்துவிட்டுப் போவார்கள், கம்பி விட்டுப் பாருங்க. 2009 நவம்பர் மண்சரிவுகளைப் பார்த்த மாவட்டம் இது.

பனிக்கூரை:
கண்ணாடி வேண்டாம்னு மல்லுக்கட்டாதீங்க சார், எந்தப் பக்கம்னு மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க. டிசம்பர் உச்சிச் சூரியன் தெற்கே சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னல் பகலெல்லாம் வீட்டைச் சூடாக்கும். வடகிழக்கில் பெரிய கண்ணாடி வைத்தால் ஐப்பசி மழை நேராக அடிக்கும். ஒற்றைக் கண்ணாடியில் விடியற்காலை உள்பக்கம் நீர் கோத்து வழிந்து, ஜன்னலின் அடிச்சட்டம்தான் முதலில் உளுத்துப்போகும். அந்தச் சட்டத்தில் உள்பக்கம் சின்னக் காடி (பள்ளக் கோடு) வெட்டி, தண்ணி வெளியே போக ஓட்டை விடுங்க.

வரைபலகை:
நன்றி. நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் வீட்டு வளைவை முகப்பில் கொண்டு வரலாமா?

கருங்கல்:
கான்கிரீட்டில் வளைத்தால் அது வெறும் வேஷம். அந்த வளைவு மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டிப் புல் வேய்ந்ததால் வந்தது. தவழ்ந்து நுழையும் வாசல் உள்சூட்டைக் காக்கிறது. நீங்க எடுக்க வேண்டியது தாழ்ந்த இறவாணமும் (கூரையின் கீழ்விளிம்பு), காற்றடிக்கும் பக்கம் சின்னத் திறப்பும்.