கெட்ட கனவை ஆலோசகரிடம் சொல்லலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): 2022 ஏப்ரல் வெள்ளத்திற்குப் பின், தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவதாக ஒரே கனவு அடிக்கடி வந்து என்னை எழுப்பிவிடுகிறது. மனநல ஆலோசகர் அதை எழுதி வரச் சொல்கிறார். கெட்ட கனவை வெளியே சொல்லக் கூடாது என்கிறார் பாட்டி.

பதில் (ஃபீனிக்ஸ்): தயங்காமல் எழுதுங்கள், சகோதரி. திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவுக்கென்றே ஒரு பயிற்சி உண்டு: பகலில் அதன் போக்கை நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றிய காட்சியை நாள்தோறும் 10 முதல் 20 நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்குச் சில வாரங்களிலேயே உறக்கம் திரும்பியது.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): பஞ்சாங்கத்தின் கனவுப் பலனோடு இதைக் குழப்ப வேண்டாம். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் ஃபிராய்டே, கனவின் ஒவ்வொரு துணுக்கும் எதை நினைவூட்டுகிறது என்று அந்தக் கனவைக் கண்டவரிடமே கேட்டார்.

கேட்டவர்: நன்றி. தண்ணீர் வடிந்து, பாட்டி வாசலில் கோலமிடுவதாக மாற்றி எழுதியிருக்கிறேன்.