பார்சலோனாவில் உள்ளூர் நண்பர்கள் பிடிப்பது எப்படி?

உப்புக்காத்து கேட்டது:

வணக்கம் மக்களே. வரும் செப்டம்பரில் மாஸ்டர்ஸ் படிக்க பார்சலோனா போகிறேன். வயது 24, ஸ்பானிஷ் ஏ2 அளவு (ஆரம்ப நிலை), அந்த ஊர் மொழியான கத்தலான் சுத்தமாகத் தெரியாது. சைவம், குடிப்பழக்கம் இல்லை. நம்ம ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கெனவே சேர்ந்தாச்சு, அதனால் கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்ற கவலை இல்லை. கேள்வி வேறு.

உள்ளூர்க்காரர்களோடு பழக எங்கே போவது? எல்லாரும் "இன்டர்காம்பியோ (மொழிப் பரிமாற்றக் கூட்டம்) போ" என்கிறார்கள், ஆனால் அங்கே வாராவாரம் முகங்கள் மாறுமாமே. கூட்டமாகச் சாப்பிடப் போனால் பில்லை எப்படிப் பிரிப்பார்கள், சைவத்துக்கு என்ன கேட்பது? கடைசியாக ஒன்று: பார்த்து வைத்திருக்கும் அறையின் உரிமையாளர், பத்ரோன் என்ற நகராட்சி முகவரிப் பதிவுக்கு ஒத்துக்க மாட்டேன் என்கிறார். பதிவை விட்டுவிடலாமா?

பின்யா_மூணாம்வரிசை:

இன்டர்காம்பியோ பற்றிக் கேள்விப்பட்டது சரி. பாரில் நடக்கும் மொழிப் பரிமாற்றக் கூட்டங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே வெளியிலிருந்து வந்தவர்கள். எராஸ்மஸ் என்ற ஐரோப்பியப் பரிமாற்றத் திட்டத்தில் வரும் மாணவர்களுக்காக நடக்கும் பயணங்களும் அப்படித்தான். முதல் மாதம் கலகலப்பாக இருக்கும், செமஸ்டர் முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகக் கிளம்பிவிடுவார்கள். போங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள்.

இங்கேயே வளர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் அப்படியே பக்கத்தில் இருப்பார்கள். வெள்ளி இரவு அவர்களோடு, ஞாயிறு மதியம் அப்பா அம்மா வீட்டில் சாப்பாடு. புதிதாக ஒருவருக்கு இடம் ஒதுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. "ஒருநாள் சந்திப்போம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அது பொய்யும் இல்லை, திட்டமும் இல்லை. "வியாழன் 8 மணி, இந்த மெட்ரோ வாசல்" என்று நாளும் இடமும் நீங்கள் சொன்னால்தான் நடக்கும். அதைவிட நல்ல வழி, வாராவாரம் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடும் ஒரு கூட்டத்தில் சேர்ந்துவிடுவது. அங்கே யாரும் யாரையும் அழைக்க வேண்டியதே இல்லை.

பார்சலோனாவில் அதற்கு முதலிடம் கஸ்தெல்ஸ், அதாவது மனிதக் கோபுரம். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. வேடிக்கை பார்க்கிற விஷயம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கோபுரத்தின் அடியில் நிற்கும் பின்யா என்ற பெருங்கூட்டத்துக்கு எப்போதும் ஆள் தேவை, அனுபவம் தேவையில்லை. நகருக்குள்ளேயே பல குழுக்கள் உண்டு: சிவப்புச் சட்டை கஸ்தெல்லெர்ஸ் தெ பார்சலோனா, நீலச் சட்டை கிராசியா, சாம்பல் சட்டை சான்ட்ஸ். பெரிய பல்கலைக்கழகங்களில் மாணவர் குழுக்களும் இருக்கின்றன. ஒத்திகை பெரும்பாலும் வாரம் இரண்டு மாலை. நாள், நேரம் அவரவர் இணையதளத்தில் இருக்கும். செப்டம்பரில் வருவது நல்ல காலம்: 24-ஆம் தேதி லா மெர்சே திருவிழா, அதையொட்டிப் பெரிய கோபுரங்கள் முயற்சி செய்வார்கள், பெரிய கோபுரத்துக்குப் பெரிய பின்யா வேண்டும். நவம்பரோடு சீசன் முடிந்தால் குளிர்காலத்தில் கொஞ்சம் ஓய்வு.

பின்யாவில் செய்ய வேண்டியது இதுதான். முன்னால் நிற்பவரோடு இடைவெளி இல்லாமல் நெஞ்சை ஒட்டி, இரு கைகளையும் அவர் தோளுக்கு மேலாக நீட்டிக் கொடுக்க வேண்டும். தலை குனிந்தே இருக்கணும். மேலே என்ன நடக்கிறது என்று நிமிர்ந்து பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. யாராவது விழுந்தால் நிமிர்ந்த கழுத்தில்தான் அடி விழும். மோதிரம், கடிகாரம், தோடு எல்லாம் கழற்றிவிட வேண்டும். இடுப்பில் ஃபைஷா என்ற நீளமான கறுப்புத் துணியைச் சுற்றுவார்கள்: ஒரு முனையை இன்னொருவர் இழுத்துப் பிடித்திருக்க, நீங்கள் சுழன்று சுழன்று இறுக்கிக்கொள்ள வேண்டும். கீழ்முதுகுக்குத் தாங்கல், மேலே ஏறுபவர் கால் ஊன்றும் படியும் அதுவே. தளர்வாகச் சுற்றினால் இரண்டுக்கும் உதவாது. வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும்!

ஒத்திகை முடிந்து அங்கேயே உள்ள பாரில் உட்கார்வார்கள் பாருங்கள், உண்மையான பழக்கம் அங்கேதான். ஒத்திகை முடிந்ததும் ஓடி வந்துவிட்டால் வந்த பலன் பாதிதான். ஒன்று கவனம்: வார நாட்களில் மெட்ரோ நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடும், வெள்ளி 2 மணி வரை, சனி இரவு முழுக்க ஓடும்.

கத்தலான் தெரியாமல் சேரலாம், ஸ்பானிஷில் பேசுவார்கள். ஆனால் கொஞ்சம் கற்றுக்கொண்டால் அவர்கள் தங்களுக்குள் அடிக்கும் ஜோக் புரியும். கத்தலான் அரசு சார்ந்த மொழிப் பரவல் கூட்டமைப்பின் ஆரம்பநிலை வகுப்புகள் இலவசம், இடங்கள் சட்டென நிரம்பும், பதிவு திறக்கும் நாளிலேயே போடுங்கள். கொஞ்சம் பேச வந்ததும் "வொலுன்டாரியாட் பெர் லா யெங்குவா" திட்டத்தில் பெயர் கொடுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரை உங்களோடு ஜோடி சேர்ப்பார்கள், வாரம் ஒரு மணி நேரம் வீதம் 10 மணி நேரம் பேச வேண்டும். ஸ்பானிஷுக்கு மாறிவிடாதீர்கள் என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்பு மிகுதியால் மாறிவிடுவார்.

தயிர்சாதம்_ரீலோடட்:

சாப்பாடும் காசும் நான் சொல்றேன்.

"கார்னே (இறைச்சி) வேண்டாம்"னு மட்டும் சொன்னா போச்சு. ஹாமோனும் (உப்பிட்ட பன்றித் தொடை) டூனா மீனும் நிறைய பேருக்கு அந்தக் கணக்கிலேயே வராது. என்சலாதா மிக்ஸ்தாங்கிற சாலட்ல டூனா இருக்கும், கிரோக்கேத்தாஸ்ங்கிற பொரிச்ச உருண்டைல பன்றி இறைச்சி, லெந்தெஹாஸ் பருப்புல சொரிசோங்கிற பன்றித் தொத்திறைச்சி, சோறு வேக வெச்சதே கறி ரசமா இருக்கலாம். "ஹாமோன், மீன், டூனா, கறி ரசம் எதுவும் கூடாது"ன்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கேளுங்க. கண்ணை மூடிக்கிட்டு கேக்கக்கூடியது: பத்தாதாஸ் பிராவாஸ் (கார சாஸ் போட்ட உருளைக்கிழங்கு வறுவல்), பா அம்ப் தொமாக்கெட் (தக்காளி தேய்ச்ச ரொட்டி), பெத்ரோன் மிளகாய், முட்டை ஓகேன்னா தொர்தீயா (உருளைக்கிழங்கு ஆம்லெட்). எஸ்கலிவாதா கிடைச்சா விடாதீங்க, சுட்ட கத்திரிக்காயும் குடமிளகாயும் ஆலிவ் எண்ணெயில. ஆனா மேல நெத்திலி வெச்சுக் குடுக்கிற கடையும் உண்டு, அதையும் கேட்டுக்கணும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை கல்சொட் விருந்துக்கு யாராவது கூப்பிட்டா கட்டாயம் போங்க. நீளமான வெங்காயத் தண்டைத் தீயில கருக்கி, காகிதத்துல சுத்தி வெச்சிருப்பாங்க. அடியை ஒரு கையால பிடிச்சு, உள்ளே இருக்கிற இலையை மறு கையால இழுத்தா கறுப்புத் தோல் கழண்டு வந்துடும். பாதாம், தக்காளி, பூண்டு போட்ட சாஸ்ல முக்கி, அண்ணாந்து வாய்க்குள்ள இறக்கணும். அதுவரை சைவம்தான். அப்புறம் வரிசையா கறி வரும், முன்னாடியே சொல்லி வெச்சா உங்களுக்கு வேற காய் சுட்டுக் குடுப்பாங்க. வெள்ளைச் சட்டை போடாதீங்க.

குடிக்கலைன்னா யாரும் வற்புறுத்த மாட்டாங்க. ஆல்கஹால் இல்லாத பியர் எல்லா பார்லயும் இருக்கு, மொஸ்தோன்னு திராட்சைச் சாறும் பல இடத்துல கிடைக்கும்.

பில்லு: அவரவர் சாப்பிட்டதைத் தனித்தனியா போடச் சொன்னா வெயிட்டர் மூஞ்சி சுருங்கும். மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுடுவாங்க. சுத்தற நாள்னா "போத்தே": ஆரம்பத்திலேயே ஆளுக்கு 10 இல்ல 20 யூரோ ஒருத்தர்கிட்ட குடுத்துடறது, எல்லாக் கடையிலயும் அவரே கட்டுவார். இல்லேன்னா ஒருத்தர் கட்டிட்டு மத்தவங்க பிஸும்ல அனுப்புவாங்க. பிஸும் ஸ்பெயின் பேங்க் கணக்கோட சேர்ந்த போன் நம்பர்ல ஓடறது, அதனால கணக்கு திறக்கிறதைத் தள்ளிப் போடாதீங்க. அதுவரை சில்லறை நோட்டு கையில இருக்கட்டும். அனுப்ப வேண்டியதை அன்னிக்கு ராத்திரியே அனுப்பிடுங்க, இங்க பேரு கெடறது இதுலதான்.

பொறந்த நாள்காரர்தான் ட்ரீட் குடுக்கணும், அது நம்ம ஊர் மாதிரியேதான். ராத்திரி சாப்பாடு ஒன்பதரைக்கு மேல. ஏழு மணிக்குப் பசிச்சா எதாவது கொறிச்சுட்டுக் கிளம்புங்க.

வரிசையில்47:

மூன்றாவது கேள்விக்கு: பதிவை விட்டுவிடாதீர்கள். பத்ரோன் என்பது நகராட்சியில் முகவரிப் பதிவு, குடியிருக்கும் எல்லாருக்கும் சட்டக் கடமை. உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருந்தால் உரிமையாளரின் சம்மதம் தேவையே இல்லை. ஒப்பந்தம் உங்கள் பெயரில் இல்லை என்றால்தான் அந்த வீட்டு ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கேட்பார்கள். இரண்டும் இல்லாதவர்களுக்கு நிலையான முகவரி இல்லாமல் பதியும் வழியும் பார்சலோனா நகராட்சியில் இருக்கிறது, ஆனால் அது இழுத்தடிக்கும். வேறு அறை கிடைத்தால் மாறுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் டி.ஐ.இ. என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இஎக்ஸ்-17 படிவம், 790 படிவத்தில் 012 எண்ணுக்கான கட்டணம் கட்டிய ரசீது, பாஸ்போர்ட், புகைப்படம், பத்ரோன் சான்று. கைரேகைக்கான முன்பதிவு கிடைப்பதுதான் தலைவலி. காலையில் பலமுறை முயற்சி செய்யுங்கள். அந்த முன்பதிவு இலவசம், காசு வாங்கி விற்பவர்களிடம் போகாதீர்கள். அட்டை கைக்கு வரும் முன் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் திரும்பி வரும் அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் டிக்கெட் போடும் முன் இதை யோசியுங்கள்.

அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. சாவி வாங்கும் அன்றே மெத்தை, சுவர், அடுப்பு எல்லாம் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள். டெபாசிட் திரும்ப வாங்கும்போது அதுதான் பேசும்.

நாலாவதுஆள்:

கோபுரம் எல்லாருக்கும் ஒத்து வராது. முழங்கால், கழுத்துப் பிரச்சினை இருந்தால் வேண்டாம். டென்னிஸ் போன்ற மட்டை ஆட்டமான பேடல் பாருங்கள். நாலு பேர் இல்லாமல் ஆட முடியாது, அதனால் மூன்று பேர் எப்போதும் நாலாவது ஆளைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். பிளேடோமிக் ஆப்பில் "திறந்த ஆட்டம்" என்று இருக்கும். ஒன்றரை மணி நேரம், வாடகை நாலாகப் பிரியும், மட்டை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் தரத்தை உயர்த்திப் போடாதீர்கள், ஆட்டமும் கெடும், அடுத்த முறை கூப்பிடவும் மாட்டார்கள். ஆகஸ்டில் மட்டும் எதையும் தொடங்க வேண்டாம், ஊரே காலி.

உப்புக்காத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பின்யா அண்ணா, உயரம் 162 செ.மீ., கண்ணாடி வேறு. சேர்த்துக்கொள்வார்களா?

பின்யா_மூணாம்வரிசை:

தாராளமாக, தம்பி. நெட்டையானவர்களைக் கை நீட்டித் தாங்கும் முதல் வரிசைகளில் வைப்பார்கள். குள்ளமானவர்களுக்குத்தான் கிராக்கியான இடம் ஒன்று உண்டு: அடியில் நிற்பவரின் அக்குளுக்குக் கீழே தோள் கொடுத்து நிற்பது, கிரோசா என்பார்கள். பழகிய பிறகுதான் தருவார்கள், அவசரப்பட வேண்டாம். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள், உள்ளே பார்ப்பதற்கு எதிரே இருப்பவரின் முதுகைத் தவிர வேறொன்றும் இல்லை. முதல் நாள் கால் மணி நேரம் முன்னதாகப் போய், புதியவர்களை வரவேற்பது யார் என்று கேளுங்கள். ஃபைஷாவை வாங்கிவிடாதீர்கள், அங்கேயே இரவல் கிடைக்கும்.