கிராண்ட் கேன்யன் எப்படி ‘மெட்ரோ’வுக்குள் வந்தது?

கேள்வி: அமெரிக்காவின் அரிசோனாவில் பிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து கிராண்ட் கேன்யன் போனேன். வழியெல்லாம் பைன் காடு, சாலையோரம் எல்க் மான்கள். அரசு வரைபடத்தில் அதெல்லாம் பெருநகரப் பகுதி! எப்படிங்க?

பதில் 1: கணக்கே கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வாரியாகத்தான். 50,000 பேராவது உள்ள நகர்ப்புறம் இருந்தால் அந்தக் கவுண்டி முழுவதும் மெட்ரோ, அதாவது பெருநகரப் பகுதி. பிளாக்ஸ்டாஃப் இருக்கும் கோகோனினோ மிகப் பெரிய கவுண்டி, பள்ளத்தாக்கும் உள்ளே வந்துவிட்டது.

பதில் 2: 10,000க்கு மேல், 50,000க்குள் என்றால் மைக்ரோபாலிட்டன், அதாவது சிறுநகரப் பகுதி. அரிசோனாவில் மெக்சிகோ எல்லையோர நோகாலஸ் அந்த வகை. அப்புறம், பக்கத்துக் கவுண்டியில் குடியிருந்து வேலைக்குப் போகிறவர்களில் 25 சதவீதம் பேர் நகர்ப்புறம் உள்ள மையக் கவுண்டிக்கு வேலைக்குப் போய்வந்தால் அந்தக் கவுண்டியையும் சேர்ப்பார்கள்.

பதில் 3: 2021இல் அரசு அந்த 50,000 பேர் வரம்பை 1,00,000 ஆக்கப் பார்த்தார்கள். சிறு நகரங்கள் எதிர்த்ததால் கைவிட்டார்கள். நல்லதாயிற்று, பல நிதித் திட்டங்கள் இந்தப் பட்டியலைத்தான் பார்க்கின்றன.