பிரண்ட் லோடு வாஷிங் மெஷினில் நாற்றம், என்ன செய்யலாம்?

செங்கோட்டைவாசி:
மெஷின் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது, கதவைத் திறந்தாலே ஈரக் கோணிச்சாக்கு வாடை. சாரல் தொடங்கியதிலிருந்து துணியிலும் ஏறிவிட்டது, துவைத்த துண்டை முகத்தில் வைக்க முடியவில்லை. மெக்கானிக் ஒரு பவுடர் பாக்கெட்டைத் தலையில் கட்டிவிட்டுப் போனார், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

புளியரை அக்கா:
தம்பி, கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் கீழ் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். எங்கள் மெஷினில் கறுப்பாக வழவழவென்று இருந்தது, அதற்குள் ஒரு ஹேர்பின், பாதி கரைந்த புனலூர் பஸ் டிக்கெட். பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். அப்புறம் முன்பக்கம் கீழே சின்ன மூடிக்குள் பம்ப் ஃபில்டர் இருக்கும், தட்டு வைத்துவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் தரையெல்லாம் நாறும்.

ஆரியங்காவு:
சோப்பை அள்ளிப் போடுகிறீர்களா? கழுவப்படாத சோப்பும் வாசனைத் திரவமும் டிரம்முக்கு வெளியே உள்ள தொட்டியில் பாசிபோலப் படியும், பாக்டீரியா வளர்வது அதில்தான், பச்சைத் தண்ணீரிலேயே துவைத்தால் போகாது. மாதம் ஒருமுறை துணி போடாமல் 60 டிகிரியில், 90 இருந்தால் 90-இல் ஓட்டுங்கள். பிளீச்சோடு வினிகர் மட்டும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

புளியரை அக்கா:
கதவையும் சோப்பு டிராயரையும் திறந்தே வையுங்கள். எங்கள் பூனை உள்ளே போய்ப் படுக்கும், அதனால் ஓட்டுமுன் ஒரு பார்வை.

செங்கோட்டைவாசி:
ரப்பருக்குள் பையனின் ஒற்றை சாக்ஸ், அக்கா! இப்போது 90-இல் ஓடுகிறது.