சின்னதா ஒரு டிஎஸ்எல் (ஒரே ஒரு வேலைக்குன்னு இருக்கற குட்டி மொழி) பண்றோம், ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் கிராமர் மாறுது, எப்படி சமாளிக்கறது?

விதிவலை
வணக்கம் மக்களே. ஃபேக்டரி மெஷின்களுக்கு அலாரம் ரூல் எழுதறதுக்குன்னே ஒரு குட்டி மொழி பண்ணிட்டு இருக்கோம். அதுல எழுதப்போறது டெவலப்பர் இல்ல, பிளான்ட் இன்ஜினியருங்க. ஒரு ரூல் இப்படி இருக்கும்: "வெப்பம் 80 தாண்டி 5 நிமிஷம் இருந்தா அலாரம்". கிராமர், அதாவது மொழியோட இலக்கணம், ஆன்ட்லர்ல (இலக்கணத்தைக் குடுத்தா பார்சரை உருவாக்கித் தர்ற டூல்) இருக்கு, ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுத்து வேலை. ஒவ்வொரு டெமோலயும் அவங்க புதுசா ஏதாவது கேக்கறாங்க, நாங்க கிராமரை மாத்தறோம், போன தடவை அவங்க எழுதி வச்ச ரூல் இந்த தடவை பார்ஸ் ஆக மாட்டேங்குது, அதாவது ப்ரோகிராமுக்குப் படிக்கவே தெரியல. டீம்ல பாதி பேர் மொழின்னா முழுசா டிசைன் பண்ணிட்டுதான் கை வைக்கணும், அஜைல் (கொஞ்சம் கொஞ்சமா பண்ணி, காட்டி, திருத்தற முறை) இதுக்கு சரிப்படாதுங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

செமிகோலன்
முழுசா டிசைன் பண்ணணும்னா யாரைக் கேட்டு பண்ணுவீங்க? ரூலை எழுதிப் பாக்கற வரைக்கும் தனக்கு என்ன வேணும்னு அந்த இன்ஜினியருக்கே தெரியாது. அதனால அஜைல்தான் சரி, ஆனா நீங்க மாத்தி மாத்திப் பாக்கற இடம் தப்பு. பார்சரை (ரூலைப் படிச்சுப் பிரிக்கற ப்ரோகிராம்) ஓரமா வச்சிட்டு, அவங்களை உக்கார வச்சு சும்மா டெக்ஸ்ட் ஃபைல்ல நிஜமான ரூல்களை அவங்க பாஷையிலயே எழுதச் சொல்லுங்க, அந்த ஃபைல்தான் யூசர் ஸ்டோரி (யூசருக்கு என்ன வேணும்னு சொல்ற குறிப்பு), நாளைக்கு அதுவே டெஸ்ட் கேஸ். அங்க அடிச்சுத் திருத்தறதுக்கு செலவே கிடையாது. அப்புறம் பார்ஸ் ட்ரீயை (பார்சர் பிரிச்சுக் குடுக்கற மர அமைப்பு) நேரா ரூலை ஓட்டற எஞ்சினுக்குள்ள விடாதீங்க. நடுவுல ரூலுக்குன்னு ஒரு மாடல் வச்சிட்டா சின்டாக்ஸ் (எழுதற விதம்) மாறும்போதெல்லாம் எஞ்சினைத் தொட வேண்டியதில்ல.

பழையகோடு
மேல சொன்னது ஓகே, ஆனா இவங்க ரூல் ஏற்கனவே வெளிய போயாச்சே. மேக்னு ப்ரோகிராமை பில்ட் பண்ற டூல் ஒண்ணு, அதுக்கு எழுதற மேக்ஃபைல்ல கமாண்ட் வரிக்கு முன்னாடி டேப் வச்சே ஆகணும்னு ஒரு தொல்லை இருக்குல்ல, அதோட கதை தெரியுமா? 1976ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் எழுதினாரு, டேப் பிரச்சனை சீக்கிரமே அவருக்குத் தெரிஞ்சிடுச்சு, ஆனா அதுக்குள்ள ஒரு டஜன் பேர் யூஸ் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க, அவங்களுக்கு உடைஞ்சிடக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டாரு. அந்த டஜன் பேருக்காக இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் அனுபவிக்கறோம் :) அதனால மாத்த பயப்படாதீங்க, மாத்தினா பழைய ரூலைப் புது கிராமருக்கு மாத்தற கன்வெர்ட்டரும் சேர்த்துக் குடுங்க. கோங்கற ப்ரோகிராமிங் மொழி 2012ல 1.0 வர்றதுக்கு முன்னாடி அடிக்கடி மாறிட்டே இருந்துச்சு, கோ ஃபிக்ஸ்னு ஒரு டூல் பழைய கோடை அதுவே திருத்திக் குடுத்துடும். டெராஃபார்ம் (சர்வர் செட்டப்பை ஃபைல்ல எழுதி வைக்கற டூல்) 2019ல 0.12 வெர்ஷனுக்கு மாறினப்பவும் தனியா ஒரு அப்கிரேட் கமாண்ட் வச்சாங்க. ஃபைல் தலையில வெர்ஷன் நம்பர் ஒரு வரி, கிராமரை மாத்தற ஸ்டோரி கன்வெர்ட்டர் இல்லாம முடிஞ்சதா கணக்கில்ல, அவ்ளோதான்.

ஓரமா_நிக்கறவன்
பார்ஸ் ஆகலன்னா சந்தோஷப்படுங்க, அது கத்திக் காட்டிக் குடுத்துடுது. பார்ஸ் ஆகி அர்த்தம் மாறினாதான் ஆபத்து. உங்க ரூலையே எடுத்துக்கங்க, "5 நிமிஷம் இருந்தா"ன்னா விடாம 5 நிமிஷமா, இல்ல விட்டு விட்டு மொத்தம் 5 நிமிஷமா? நடுவுல சென்சார் பத்து செகண்ட் டேட்டா அனுப்பலன்னா டைமர் முதல்ல இருந்து ஓடணுமா? ஒரு ஸ்பிரிண்ட்ல யாரோ ஒருத்தர் இதை லேசா மாத்தினா எல்லா ரூலும் ஓடும், டெஸ்ட் பச்சையாவே இருக்கும், அலாரம் மட்டும் அடிக்காது. கிராமரை ரிவ்யூ பண்ற யாரும் இதைக் கண்டுபிடிக்க மாட்டாங்க. பழைய சென்சார் லாக் இருக்கும்ல, ஒவ்வொரு பில்டுலயும் அதைப் பழைய வெர்ஷன், புது வெர்ஷன் ரெண்டுலயும் ஓட விட்டு எந்தெந்த அலாரம் வித்தியாசப்படுதுன்னு லிஸ்ட் எடுங்க, டெமோல இன்ஜினியர்கிட்ட அந்த லிஸ்டைத்தான் காட்டணும். ஸ்கிரீன்ல கலர் கலரா எடிட்டரைக் காட்டி என்ன பிரயோஜனம்.

விதிவலை
லாக் மேட்டர் யோசிக்கவே இல்ல, நன்றிங்க. @பழையகோடு கன்வெர்ட்டர்ல ஒரு டவுட். ரூல் மேல அவங்க நிறைய கமென்ட் எழுதி வச்சிருக்காங்க, ட்ரீல இருந்து திரும்ப எழுதினா அதெல்லாம் காணாமப் போயிடாதா?

பழையகோடு
லெக்சர்ல (டெக்ஸ்டை டோக்கன், அதாவது சின்னச் சின்ன துண்டா வெட்டற பகுதி) கமென்டை ஸ்கிப் பண்ணியிருந்தா போயிடும். கமென்ட், ஸ்பேஸ் ரெண்டையும் ஹிடன் சேனலுக்கு (பார்சர் கண்ணுல படாம ஆனா தொலையாம வைக்கற இடம்) அனுப்புங்க, டோக்கன்ஸ்ட்ரீம்ரீரைட்டர்னு ஆன்ட்லர்லயே ஒரு கிளாஸ் இருக்கு, அதை வச்சு மாற வேண்டிய டோக்கனை மட்டும் மாத்துங்க. மத்ததெல்லாம் ஸ்பேஸ் உட்பட அப்படியே இருக்கும்.