ஒரே பாதையில் ஸ்டேட்டிக் பிடிஎஃப்பும் டைனமிக் பிடிஎஃப்பும்: என்ஜின்எக்ஸ் தெரிந்தவர்கள் உதவவும்

பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையின் பில்லிங் தளம். உபுண்டு 22.04, முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ் (nginx) 1.18, பின்னால் குனிகார்ன் என்ற ஆப் சர்வரில் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்), போர்ட் 8000. /பில்/ பாதையில் பழைய பில்கள் டிஸ்க்கில் ஸ்கேன் ஃபைல்களாகக் கிடக்கின்றன. புதியவற்றை ஜாங்கோ அப்போதைக்கப்போது உருவாக்கித் தருகிறது.

போன வாரம் கேஷ் ஹெடருக்காக, பிடிஎஃப் உட்பட எல்லா ஸ்டேட்டிக் வகைகளுக்கும் ஒரு ரெகெக்ஸ் லொகேஷன் (முகவரியின் வடிவத்தைப் பார்த்துப் பொருந்தும் விதி) சேர்த்தோம். அது டிஸ்க்கில் மட்டும் தேடுவதால், அன்றிலிருந்து புது பில் எல்லாம் 404 (கிடைக்கவில்லை). போர்ட் 8000-க்கு நேரடியாக கர்ல் கட்டளை அடித்தால் 200 (சரியாக வருகிறது).

சாதாரண ப்ரீஃபிக்ஸ் லொகேஷன் (முகவரியின் தொடக்கத்தைப் பார்க்கும் விதி) பயனில்லை, ரெகெக்ஸ் முந்திக்கொள்ளும். ரெகெக்ஸைத் தடுக்கும் ^~ குறியைப் போட்டு ஜாங்கோவுக்கு ப்ராக்ஸி செய்தால் (கோரிக்கையை அங்கே அனுப்பினால்) புதியது திறக்கிறது, பழையது 404. அதற்குள் ட்ரை_ஃபைல்ஸ் (try_files, முதலில் டிஸ்க்கில் தேடும் கட்டளை) வைத்து, ஃபைல் இல்லாவிட்டால் மட்டும் ஜாங்கோவுக்கு அனுப்பினால் இரண்டுமே வருகின்றன. ஆனால் டிஸ்க்கில் இருப்பது லாகின் இல்லாமலே திறக்கிறது, வாடிக்கையாளர் ஃபோன் நம்பரோடு! எக்ஸ்-ஆக்ஸல்-ரீடைரக்ட் (ஜாங்கோ அனுமதித்த பின் ஃபைலை என்ஜின்எக்ஸ் தருவது) சரிதான், ஆனால் ஃபைல் இருக்கிறதா என்பதை ஜாங்கோ வியூவிலேயே (கோரிக்கைக்குப் பதில் தரும் கோடில்) பார்க்க வேண்டும், அதைத் தவிர்க்கப் பார்க்கிறேன். முகவரியை மாற்ற முடியாது, அச்சடித்த பில்களில் க்யூஆர் கோடு இருக்கிறது.

அதே ^~ லொகேஷனுக்குள் ட்ரை_ஃபைல்ஸுடன் ஆத்_ரிக்வெஸ்ட்டையும் (auth_request, அனுமதி உண்டா என்று வேறொரு முகவரியிடம் கேட்கும் கட்டளை) வைத்தால், ஃபைலைத் தேடும் முன்பே லாகின் சோதனை கட்டாயம் ஓடுமா?