கப்சாயின் தலைக்கு எண்ணெய் ஏறாத கதை: உறுப்பினர்களின் பட்டறை அனுபவங்கள்

பட்டர்வொர்த் உறுப்பினர்:

அப்பா பிறைத் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு ஓட்டிச் சென்ற ஹோண்டா சி70 கப்சாய் என்ற சிறிய மோட்டார் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆறு வோல்ட்டு விளக்கெரியும் பழைய வகை அது. சிலிண்டரின் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 41.4 மில்லிமீட்டர், மொத்தம் 72 சிசி. பினாங்குப் பாலத்தின் மோட்டார் சைக்கிள் தடத்தில் எதிர்காற்று அடிக்கும்போது அது மூச்சுவாங்குவதைக் கண்டு பொறுக்க முடியாமல், 52 மில்லிமீட்டர் பிஸ்டன் செட் ஒன்றை வாங்கி, வீட்டு வாசலிலேயே சிலிண்டரைக் கழற்றி மாட்டி, வண்டியை 88 சிசி ஆக்கினேன். வண்டி நன்றாகத்தான் இழுத்தது.

இரண்டு மாதம் கழித்து, எஞ்சின் சூடேறியதும் தலைப்பகுதியிலிருந்து ஒரு தட்டல் ஓசை வரத் தொடங்கியது. வால்வுகளை அழுத்தும் டேப்பெட்டின் இடைவெளியைச் சரிசெய்தும் ஓசை அடங்கவில்லை. தலைப்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாப்ட் அமர்ந்து சுழலும் அலுமினியக் குழிகளில் விரல் நகம் மாட்டிக்கொள்ளும் ஆழத்துக்குக் கீறல்கள் விழுந்திருந்தன. பின்னால் வந்த 12 வோல்ட்டு எஞ்சின்களில் கேம்ஷாப்ட் பேரிங்கில் சுழலும். இந்தப் பழைய வகையிலோ அது நேரடியாக அலுமினியத்திலேயே சுழல்கிறது. இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் அதற்குப் பாதுகாப்பு.

எஞ்சினைப் பெரிதாக்கியதால் பழைய பம்ப்புக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று நானே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டேன். பழைய சாமான் கடை ஒன்றில் இன்னொரு ஹெட்டும், தடித்த ரோட்டர் கொண்ட அதிகக் கொள்ளளவு எண்ணெய் பம்ப்பும் வாங்கினேன். அந்தப் பம்ப்புக்குக் கொடுத்த வெள்ளியை (ரிங்கிட்டை) மனைவியிடம் இன்றுவரை முழுமையாகச் சொல்லவில்லை. மாட்டிய மூன்றாவது வாரத்தில் அதே ஓசை திரும்பி வந்தது.

ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் வயதான போர்மென் (மெக்கானிக்) ஒருவரிடம் போனேன். அவர் ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, டேப்பெட் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னார். மெல்லிய பளபளப்பு தெரிந்ததே தவிர, ஈரம் ஊறி வரவில்லை. "தம்பி, பம்ப் பெரிசா சின்னதா என்பதை அப்புறம் பேசலாம். மின்யாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மேலே வந்து சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள்" என்றார். அந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் ஒரு ஹெட்டையும் ஒரு பம்ப்பையும் வாங்கியிருந்தேன்.

அவர் விளக்கிய பாதையை இங்கே எழுதுகிறேன். அடிப்பகுதியில் தேங்கியிருக்கும் எண்ணெயை வலைச் சல்லடை வழியாகப் பம்ப் உறிஞ்சுகிறது. பம்ப்பைச் சுழற்றுவது கேம் சங்கிலிதான். பம்ப்பிலிருந்து வெளியேறும் எண்ணெய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை, கிளட்ச் முகப்பில் இருக்கும் சுழல் வடிகட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் முனைவழியாகப் பெரிய பேரிங்கை அடைகிறது. மற்றொரு கிளை, சிலிண்டரைப் பிணைக்கும் நான்கு ஸ்டட்டுகளில் (நீண்ட மரையாணிகளில்) ஒன்றைச் சுற்றியிருக்கும் இடைவெளி வழியாகவே தலைக்கு ஏறுகிறது. இந்த இரண்டாவது கிளையில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) விடுபட்டாலும், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் துளை பொருந்தாமல் போனாலும், மேல் நட்டுக்குரிய செப்பு வாஷரை வேறு ஸ்டட்டில் மாட்டிவிட்டாலும், எண்ணெய் வழியிலேயே நின்றுவிடும் அல்லது வெளியே கசிந்துவிடும்.

சிலிண்டரைத் தூக்கினோம். அடிக் கேஸ்கெட்டை ஒட்டியிருந்த டவல் (பொருத்து முளை) துளைக்குள், அரிசியைவிடச் சற்று நீளமாக, சாம்பல் நிறத்தில், புழுவைப் போல் ஏதோ சுருண்டு கிடந்தது. போர்மென் அதை ஊக்கின் முனையால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது சிலிக்கோன் சீலண்ட். கசிவு வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், கேஸ்கெட்டின் இரு பக்கமும் நான் தாராளமாகப் பூசியது, நட்டுகளை இறுக்கியபோது உள்பக்கம் பிதுங்கி, அறுந்து, எண்ணெய் ஏறும் துளையை அடைத்திருக்கிறது. பெரிய பம்ப் அந்த அடைப்பை என்ன செய்துவிட முடியும்? ஒரு கிளை அடைபட்டால் எண்ணெய் மற்றக் கிளை வழியாகப் போய்விடுகிறது; தலை காய்ந்துதான் கிடக்கும்.

கிளட்ச் மூடியையும் திறந்தோம். சுழல் வடிகட்டியின் உட்சுவரில் கருப்பட்டிப் பாகு இறுகியதுபோல் கசடு அப்பியிருந்தது. எண்ணெயைவிடக் கனமான உலோகத் துகள்களைச் சுழற்சி விசையால் ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. அது தன் வேலையைச் செய்திருந்தது. அதைத் துடைக்க வேண்டிய நான்தான் செய்யவில்லை. பழைய பம்ப்பின் ரோட்டர் முனைகளுக்கு இடையே இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜை நுழைத்துப் பார்த்தபோது 0.15 மில்லிமீட்டர் தகடு உள்ளே போகவில்லை. அந்தப் பம்ப் தேயவே இல்லை.

அதையே திரும்ப மாட்டினோம். ரோட்டருக்குள் எண்ணெய் ஊற்றி நிரப்பிய பிறகே மூடினார். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, டேப்பெட் மூடி வழியாக எண்ணெய் தெரியும்வரை உதைக்கச் சொன்னார். நாற்பது உதைக்குமேல் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் எஞ்சினை எரியவிட அனுமதித்தார்.

செந்தூல் உறுப்பினர்:

பட்டர்வொர்த் அண்ணனின் பதிவைப் படித்தபோது என் பழைய ராயல் என்ஃபீல்ட் புல்லட்டின் நினைவு வந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்த 346 சிசி எஞ்சினின் அமைப்பு வேறு. எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். ஒரு பம்ப் அதைக் கிராங்குக்கு அனுப்ப, இன்னொரு பம்ப் கீழே சேர்வதை உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பும். இரண்டையும் ஒரே திருகுப் பல் இயக்குகிறது. அந்தத் திருகுப் பல் இடப்பக்க மரையில் அமைந்தது என்று தெரியாமல் வழக்கமான திசையில் பலம் கொடுத்துத் திருப்பிப் பல்லைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

என் தவறு அதோடு முடியவில்லை. அனுப்பும் பம்ப்பை மட்டும் பெரிதாக்கி, திரும்பக் கொண்டுவரும் பம்ப்பைப் பழையபடியே விட்டுவிட்டேன். இத்தகைய அமைப்பில் திரும்பும் பக்கத்தின் கொள்ளளவுதான் எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிராங்க் அறையில் எண்ணெய் தேங்கும். செந்தூலிலிருந்து பத்துமலைக்குப் போவதற்குள் எனக்குப் பின்னால் கொசு மருந்து அடித்ததுபோல் நீலப் புகை எழுந்தது. சிக்னலில் பின்னால் நின்ற பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் தலையை மட்டும் ஆட்டியதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து, எஞ்சின் ஓடும்போது தொட்டி மூடியைத் திறந்து, எண்ணெய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து விழுகிறதா என்று பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை.

ஆயர் ஈத்தாம் உறுப்பினர்:

என்னிடம் இருப்பது யமஹா ஆர்எக்ஸ்இசட். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. எஞ்சினுக்குள் எண்ணெயைத் தானாகச் செலுத்தும் அதன் ஆட்டோலூப் பம்ப்பை மாற்றிய பிறகு குழாயில் சிக்கிய காற்றுக்குமிழிகளை வெளியேற்றாமல் ஓட்டியதால் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை எண்ணெயை வழியவிட வேண்டும். ஆக்ஸிலேட்டர் கம்பியைப் பொருத்தும்போது பம்ப்பின் குறியும் நேராக நிற்க வேண்டும். பலர் பம்ப்பையே கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் கலந்து ஓட்டுவதை மேம்பாடு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பட்டர்வொர்த் அண்ணனிடம் ஒரு கேள்வி. ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவ் மலைப்பாதையில் அடிக்கடி ஏற வேண்டியிருக்கும் என் தம்பியின் கப்சாயும் 88 சிசி ஆக்கப்பட்டது. எண்ணெய்க் கூலர் பொருத்தலாமா?

பட்டர்வொர்த் உறுப்பினர்:

பொருத்தலாம், ஆனால் முதலில் மலையேறி இறங்கிய சூட்டோடு டேப்பெட் மூடியைத் திறந்து, தலைக்கு எண்ணெய் தாராளமாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், குழாய்களும் இணைப்புகளும் கொண்ட கூலர் அந்தக் குறைந்த ஓட்டத்துக்கு இன்னொரு தடையாகிவிடும். வருகிறதென்றால், நீண்ட ஏற்றத்துக்குக் கூலர் உண்மையிலேயே உதவும், எண்ணெயின் மொத்த அளவும் சற்றுக் கூடும். இணைப்புகளின் செப்பு வாஷர்களைப் பழையதாகப் போடாதீர்கள். ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெயில் ஓடும் எஞ்சினில் சிறு கசிவுகூடப் பெரிய நட்டம். காருக்குரிய எண்ணெயையும் ஊற்றிவிட வேண்டாம். கிளட்சும் அதே எண்ணெயில்தான் நனைகிறது, அதனால் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். காரின் எண்ணெயால் கிளட்ச் வழுக்கினால் அதற்கும் பம்ப்பைக் குறைசொல்ல நேரிடும்.

அந்தப் பெரிய பம்ப் என்னிடம் மைலோ டின்னில் பத்திரமாக இருக்கிறது. தம்பியின் வண்டிக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் வந்து எடுத்துக்கொள்ளட்டும். சீலண்ட் குழலை மட்டும் கொடுக்க மாட்டேன்.